எறிவதற்கு முன் விழுந்த பந்து

தேர்வு வாரியம் என்று ஒன்று இல்லாவிட்டால் பந்துகள் தம் பாட்டுக்கு மேலே போய், தம் பாட்டுக்குக் கீழே வந்துகொண்டிருக்கும். கேட்க ஆள் இருக்காது. வாரியம் இருப்பதால்தான் எறியப்படும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு விடைக்குறிப்பு இருக்கிறது. பந்து அதன்படி நடந்துகொள்ள வேண்டும். ஒரு பந்து அப்படி நடக்காமல் போனதால், முடி வெட்டிப் பிழைக்கும் ஒரு பெண் ஒரு வாரம் கடையைப் பூட்டிவிட்டு அலைய வேண்டியதாயிற்று.

தெருவில் எல்லோருக்கும் அவள் கத்தரி அக்கா. கையில் கத்தரி இல்லாத நேரத்திலும் இரண்டு விரல்கள் வெட்டிக்கொண்டே இருக்கும். ஒரே மகள். அந்த மகளுக்குக் கண் பரிசோதனைப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எல்லாப் பாடத்திலும் தேறிய சான்றைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். மகள் கணக்கைத் தவிர எல்லாவற்றிலும் தேறியிருந்தாள். கணக்கில் ஐந்து மதிப்பெண் குறைந்தது. அந்த ஐந்தும் ஒரே கேள்வியில் போனது.

"ஒருவர் 20 மீட்டர் உயரமுள்ள கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு பந்தை வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் மேல்நோக்கி எறிகிறார். t வினாடிக்குப் பின் பந்தின் உயரம் 20 + 15t − 5t² மீட்டர். பந்து எப்போது தரையை அடையும்?"

கேள்வியை மகள் வாசிக்க, அக்கா இரண்டு தடவை கேட்டாள்.

"யாருடி அவன்? வேலை வெட்டி இல்லாம மாடியில ஏறிப் பந்து எறியிறவன்?"

"யாரும் இல்லம்மா. கணக்குல வர்ற ஆளு."

"அவனை ஒருத்தரும் கேக்க மாட்டாங்களா? கீழ போறவங்க தலையில விழுந்தா?"

"அம்மா! உயரத்தைப் பூஜ்யம்னு போட்டா இருபடிச் சமன்பாடு வரும். அதுக்கு ரெண்டு விடை. ஒண்ணு நாலு, இன்னொண்ணு மைனஸ் ஒண்ணு. மைனஸ் ஒண்ணுன்னா எறியிறதுக்கு ஒரு செகண்ட் முன்னாடி. எறியாத பந்து எப்படி விழும்? அதனால அதை விட்டுட்டு நாலு செகண்ட்னு எழுதினேன். முட்டை போட்டுட்டாங்க."

அக்காவுக்கு இருபடியும் தெரியாது, முப்படியும் தெரியாது. ஆனால் எறியாத பந்து விழாது என்பது அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்திருந்தது. போய்ச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தாள். அங்கேதான் சறுக்கினாள்.

திங்கட்கிழமை காலை வாரியத்தின் வாசலில் நின்றார்கள். விசாரணைச் சன்னலில் இருந்தவர், மறுமதிப்பீட்டுக்கு மூன்றாம் சன்னல் என்றார். மூன்றாம் சன்னல், விடைக்குறிப்பில் சந்தேகமென்றால் ஏழாம் சன்னல் என்றது. ஏழாம் சன்னல் மூடியிருந்தது. அதன்மேல், 'விசாரணைச் சன்னலை அணுகவும்' என்று எழுதி ஒட்டியிருந்தது. அக்கா காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவள்போல் மூன்றுக்கும் நடுவே நடந்தாள். உட்காரப் பெஞ்சு இருந்தது. மகள் உட்கார்ந்தாள். அக்கா உட்காரவில்லை, உட்கார்ந்தால் வெள்ளிக்கிழமை நெருங்கிவிடும் என்று அவளுக்கு ஒரு பயம்.

மறுநாள்தான் பிரிவு அலுவலரைப் பார்க்க முடிந்தது. அவர் தலைக்குச் சாயம் பூசியிருந்தார். நெற்றி ஓரத்தில் அரை விரல் அகலத்துக்கு வெள்ளை தலைகாட்டியது. பூசி இருபது நாள் இருக்கும் என்று அக்காவின் கண் கணக்குப் போட்டது. அன்றிலிருந்து அவளுக்கு அவர் சாயத்தலையர்.

சாயத்தலையர் விடைத்தாளைப் பார்த்தார். விடைக்குறிப்பைப் பார்த்தார். நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு? விடை மைனஸ் ஒண்ணு. உங்க பொண்ணு நாலுன்னு எழுதியிருக்கா. நாலும் மைனஸ் ஒண்ணும் ஒண்ணாம்மா?"

"சார், மைனஸ் ஒண்ணுன்னா எறியிறதுக்கு முன்னாடியே விழுந்துடுச்சுன்னு அர்த்தமாம் சார்."

"ஆமா."

"அது எப்படி சார்?"

சாயத்தலையருக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. வாரியத்தின் பெருமையைப் பேச அவருக்கு அதிகம் வாய்ப்பு கிடைப்பதில்லை.

"இங்க பாருங்கம்மா. ஒரு இருபடிக் கணக்குக்கு ரெண்டு விடை வரும். ரெண்டுல எதை எடுக்கிறது? ஆளாளுக்கு இஷ்டப்படி எடுத்தா நாளைக்குத் தணிக்கையில யார் பதில் சொல்றது? அதனால வாரியம் ஒரே விதி வச்சிருக்கு. நாங்க ஒரு நாற்காலி வாங்கினாலும், மை வாங்கினாலும், ரெண்டு கடைக்காரன் விலை குடுத்தா எதை எடுப்போம்?"

"குறைச்சலா இருக்கிறதை."

"அவ்வளவுதான்! நாலு பெருசா, மைனஸ் ஒண்ணு பெருசா?"

அக்கா மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள்.

"இந்த விதி வந்த நாளா ஒரு புகார் கிடையாதும்மா. போன வருஷம் ஒரு அறைக் கணக்கு. நீளம் அகலத்தைவிட அஞ்சு மீட்டர் அதிகம், பரப்பு எண்பத்துநாலு, அகலம் என்னன்னு கேட்டோம். ஏழும் வந்துச்சு, மைனஸ் பன்னிரண்டும் வந்துச்சு. யோசிக்காம மைனஸ் பன்னிரண்டைப் போட்டோம்."

"யோசிக்காமலா சார்?"

"யோசிச்சா பாரபட்சம் வந்துடும்மா."

அந்த அறைக்குள் யாராவது குடிபோனார்களா என்று கேட்க அக்கா வாயெடுத்தாள். மகள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்ப நாலுன்னு எழுதின மத்த பிள்ளைங்க?"

"நிறையப் பேர் எழுதினாங்க. அவங்களுக்கும் முட்டைதான். ஆனா மத்த கேள்வியில வாங்கிப் பாஸாயிட்டு அவங்கவங்க வேலையைப் பார்க்கப் போயிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் பந்து எங்க விழுந்துச்சுன்னு தேடிக்கிட்டு வந்திருக்கீங்க."

மேல்முறையீடு செய்யலாமா என்று அக்கா கேட்டாள். தாராளமாகச் செய்யலாம், அதற்கென்று வல்லுநர் ஒருவர் இருக்கிறார் என்றார் சாயத்தலையர். விடைக்குறிப்பை எழுதியவரும் அவர்தான். எழுதியவரைவிட அதை நன்றாகத் தெரிந்தவர் யார் இருக்க முடியும்?

வல்லுநர் புதன்கிழமை வந்தார். குடுமி வைத்தால் வைக்கலாம் என்கிற அளவுக்குப் பின்பக்கம் முடி வளர்ந்து, சட்டைக் காலரில் படிந்து கிடந்தது. படித்தவர், வெட்ட நேரமில்லை போலும் என்று அக்கா முதலில் மரியாதையாகவே நினைத்தாள்.

"எறியிறதுக்கு முன்னாடி விழ முடியாதுன்னு யார் சொன்னது?" என்றார் வல்லுநர்.

மகள் மெல்ல, "t வினாடிக்குப் பின்னு கேள்வியிலயே இருக்கு சார்" என்றாள்.

"மைனஸ் ஒரு வினாடிக்குப் பின்! அதுவும் பின்தான். நான் முப்பது வருஷமா வாக்கியக் கணக்கு எழுதறேன். தோட்டத்துக்கு வேலி போடுறவன், படகு ஓட்டுறவன், வயசை மறந்துட்டு அப்பாவோட வயசை வர்க்கம் பண்ணிச் சொல்ற மகன், எத்தனை பேரை உண்டாக்கியிருக்கேன் தெரியுமா? ஒருத்தனாவது இதுவரைக்கும் வந்து, ஐயா என் வேலி தப்புன்னு சொல்லியிருப்பானா?"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர்களை அக்கா பார்த்திருக்கிறாள். முயலுக்கு மைனஸ் ஒரு கால் என்பவரை இப்போதுதான் பார்க்கிறாள். அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிட, தன் மகள் அந்த மனிதர் முன்னால் தலை குனிந்து நிற்பதைப் பார்த்து அழுகை வந்தது. சரியாகச் செய்துவிட்டுத் தலை குனிவதற்கா இந்தப் பெண் இரண்டு வருஷம் கண் விழித்தது?

"என் கண்ணால பார்த்தா நம்புறேன் சார்" என்றாள். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. "எறியிறதுக்கு முன்னாடி ஒரு பந்து விழுந்து காட்டட்டும். நான் பேசாம போயிடுறேன்."

இந்தச் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்டது. அடுத்த அறை தலைமைக் கட்டுப்பாட்டாளருடையது. அவரே எழுந்து வந்துவிட்டார்.

கட்டுப்பாட்டாளருக்கு வழுக்கை. ஆனால் வாரியத்தில் யாரும் அதைப் பார்த்ததில்லை. ஒரு கொத்து முடி இடது காதின் மேல் புறப்பட்டு, நடு மண்டைவரை ஏறி, வலது காதில் வந்து இறங்கியது. பசை போட்டு ஒட்டியிருந்தார். அக்காவின் விரல்கள் தாமாகவே வெட்டத் தொடங்கின.

"பரவளையம், அம்மா" என்றாள் மகள் காதோடு. எறிந்த பந்து போகும் வளைவுக்குக் கணக்கில் அதுதான் பெயர்.

நடந்ததைக் கேட்ட கட்டுப்பாட்டாளர் சிரித்தார்.

"வாரியத்துக்கு ஒளிவு மறைவு கிடையாதும்மா. நேர்லயே செஞ்சு காட்டிடுவோம். வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு, நம்ம கட்டடத்து மாடியிலிருந்து. பொதுமக்கள் சார்பா நீங்களே சாட்சி."

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள நான் சான்று குடுக்கணும் சார். நாளைக்கே வச்சுக்கக் கூடாதா?"

"பந்துக்கு விலைப்புள்ளி கேக்கணுமே?"

வியாழன் முழுக்க அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையைத் திறந்தாள், வந்த முதல் ஆளுக்கு ஒரு காதுப் பக்கம் கூடுதலாக வெட்டிவிட்டு, மறுபடி பூட்டினாள். மகள் சாப்பிடவில்லை. "விடும்மா, அடுத்த வருஷம் எழுதிக்கிறேன்" என்றாள். அந்த வார்த்தையைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை. பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு வாரியம் கற்றுக்கொடுத்த ஒரே பாடம் அதுவாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு முற்றத்தில் நாற்காலிகள் போட்டாயிற்று. மாடியின் உயரத்தைக் கயிறு விட்டு அளந்து, இருபது மீட்டர் சரியாக வரும்படி கீழே கொஞ்சம் மண்ணும் கொட்டியிருந்தார்கள். குறைந்த விலைக்கு வாங்கிய ரப்பர் பந்துகள் இரண்டு மேசைமேல் இருந்தன.

"எதுக்கு சார் ரெண்டு?" என்று அக்கா கேட்டாள்.

வல்லுநர் விளக்கினார். ஒரு பந்தோடு சாயத்தலையர் மாடிக்குப் போவார். இன்னொரு பந்தோடு பியூன் கீழே நிற்பார். முதல் விசில் ஊதியதும் பியூன் பந்தைத் தரையில் போடுவார். ஒரு வினாடி கழித்து இரண்டாம் விசில். அப்போது மாடியிலிருந்து பந்து எறியப்படும்.

"அது வேற பந்து சார்!"

"ரெண்டும் ஒரே கடையில, ஒரே விலைக்கு வாங்கினது. வாரியத்தைப் பொறுத்தவரைக்கும் ஒரே பந்துதான்."

"மேல போற பந்து?"

"அதான் முன்னாடியே விழுந்துடுச்சே!"

மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா முற்றத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றேகால், மூன்றரை. விசில் யார் ஊதுவது என்பதில் ஒரு பதவிச் சிக்கல் வந்து, அதைத் தீர்க்க ஒரு சிறு கூட்டம் நடந்தது. மாடியில் சாயத்தலையர் கைப்பிடிச் சுவருக்கு வெளியே எட்டிப் பார்த்தபடி வெயிலில் வியர்த்தார். சாயம் காதோரமாக இறங்கியது.

ஒருவழியாக முதல் விசில் கேட்டது. பியூன் பந்தைத் தரையில் போட்டார். வல்லுநர் கடிகாரத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "பந்து தரையை அடைந்தது. இனி எறியலாம்."

இரண்டாம் விசில் கேட்டது. சாயத்தலையர் ஒரு வாரத்து எரிச்சலையெல்லாம் கையில் திரட்டிச் சுவருக்கு வெளியே கையை நீட்டி மேலே எறிந்தார். கீழே எல்லோரும் கைதட்டினார்கள். மேலே யாரும் பார்க்கவில்லை. பார்க்க ஒன்றும் இல்லையே. கட்டுப்பாட்டாளர் நாற்காலியிலிருந்து எழுந்து இரண்டடி முன்னால் வந்தார்.

"நிரூபணம் ஆயிடுச்சு. இனிமே மேல இருந்து எதுவும் வர வேண்டியது..."

டொப்.

பந்து பரவளையத்தின் சரியான உச்சியில் விழுந்தது. பசை விட்டு, முடிக்கொத்து முழுவதும் எழுந்து, இடது தோளில் வந்து தொங்கியது. கட்டுப்பாட்டாளர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பந்து துள்ளித் துள்ளி ஏழாம் சன்னல்வரை போய் நின்றது.



"அது நம்ம பந்து இல்ல சார்" என்றார் வல்லுநர் முதலில் சுதாரித்து. "நம்ம பந்து முன்னாடியே விழுந்துடுச்சு. பதிவு பண்ணியாச்சு."

"ஆமா" என்றார் கட்டுப்பாட்டாளர் மண்டையைப் பிடித்துக்கொண்டு. "எதுவும் விழல."

எதுவும் விழாத இடத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கத் தொடங்கியது. அக்காவுக்கு அவர்மேல் எத்தனையோ கோபம். இருந்தாலும் தலை என்று வந்துவிட்டால் அவள் கை சும்மா இருக்காது. ஓடிப்போய் முடியை விலக்கிப் பார்த்து, தண்ணீர்ப் பாட்டிலை வீக்கத்தில் வைத்து அழுத்தினாள். பியூனும் அவளுமாகக் கைத்தாங்கலாக அவரைக் கீழ்த்தளத்து மருத்துவ அறைக்குக் கொண்டுபோனார்கள். கூட்டம் முழுவதும் பின்னால் வந்தது.

வாரியத்து மருத்துவர் ஒரு வயதான அம்மாள். விளக்கடித்துக் கண்ணைப் பார்த்தார்.

"தலையில அடி. நினைவு சரியா இருக்கான்னு பார்க்கணும். இன்னைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி."

"என்ன ஆச்சு?"

"பந்து எறிஞ்சாங்க."

"எப்ப தலையில பட்டுச்சு?"

கட்டுப்பாட்டாளர் கூட்டத்தைப் பார்த்தார். வல்லுநர் கண்ணால் சாடை காட்டினார்.

"எறியிறதுக்கு ஒரு செகண்ட் முன்னாடி."

மருத்துவர் விளக்கை அணைத்தார். "மறுபடி சொல்லுங்க. எறிஞ்சது முதலா, விழுந்தது முதலா?"

"விழுந்தது."

"சரிதான். மூளை கலங்கியிருக்கு." அவர் பேனாவைத் திறந்தார். "நடந்ததை முன்னுக்குப் பின்னா சொல்றார். பதவியில இருக்கத் தகுதி இல்லைன்னு எழுதறேன். ஆறு மாசம் வீட்டுல இருக்கட்டும். பொறுப்பை வேற யாராவது பார்த்துக்கணும்."

வல்லுநர் இரண்டடி முன்னால் வந்து, காலரில் கிடந்த முடியைச் சரிசெய்துகொண்டார். இந்தத் துக்கத்திலும் வாரியத்துக்காகப் பொறுப்பேற்கத் தாம் தயார் என்று அந்த முகம் சொன்னது. கட்டுப்பாட்டாளர் அந்த முகத்தைப் பார்த்தார்.

"ஐயோ, எழுதாதீங்க டாக்டர்!" என்று கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "எறிஞ்சதுக்கு அப்புறம்தான் விழுந்துச்சு! முதல்ல எறிஞ்சாங்க, அப்புறம் விழுந்துச்சு! ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலாவது செகண்ட்ல தலையில வந்து விழுந்துச்சு! நான் தெளிவா இருக்கேன்!"



"நாலா சார்?" என்றாள் அக்கா, வீக்கத்திலிருந்து கையை எடுக்காமலே. "என் பொண்ணும் அதைத்தான் சார் எழுதியிருக்கா."

மணி நாலேகால்.

அதன் பிறகு வாரியம் வேலை செய்த வேகத்தை அக்கா அந்த ஒரு வாரத்தில் பார்த்ததில்லை. கட்டுப்பாட்டாளர் கட்டிலில் படுத்தபடியே ஆணையைச் சொல்ல, மாடியிலிருந்து இறங்கிவந்த சாயத்தலையர் எழுதினார். விடைக்குறிப்பின்படி மைனஸ் ஒன்றே சரியான விடையாகத் தொடரும். எனினும் இந்த ஒரு மாணவியைப் பொறுத்தவரை, நான்கு என்பது மைனஸ் ஒன்றுக்கு நிகரானதாகக் கருணையுடன் கருதப்பட்டு, முழு மதிப்பெண் வழங்கப்படுகிறது.

"தேதி சார்?" என்றார் சாயத்தலையர். "இன்னைக்கா?"

"இன்னைக்குன்னு போட்டா? தலையில பந்து விழுந்ததாலதான் மார்க் போட்டோம்னு ஆயிடாதா?" கட்டுப்பாட்டாளர் வலியோடு ஒரு பக்கம் திரும்பினார். "நேத்துன்னு போடு. பந்து எறியிறதுக்கு முன்னாடியே வாரியம் தானா முடிவு பண்ணிடுச்சு."

சாயத்தலையர் தயங்கவே இல்லை. தேதி முத்திரையின் சக்கரத்தை ஒரு பல் பின்னால் திருப்பி ஓங்கி அடித்தார். பழகிய கை. அந்தச் சக்கரம் எத்தனை தடவை பின்னால் சுழன்றிருந்தால் இவ்வளவு வழவழப்பாகச் சுழலும் என்று அக்கா ஒரு கணம் வியந்தாள். மைனஸ் ஒன்று இந்தக் கட்டடத்துக்குள் எவ்வளவு சரியான விடை என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

நன்றி சொல்ல நிற்கவில்லை. தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு இருவரும் ஓடினார்கள். பேருந்து வரவில்லை. பயிற்சிப் பள்ளி நாலு தெரு தள்ளி. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். வழியில் மகள் தாளைப் பார்த்துவிட்டு, "அம்மா, நான் நேத்தே பாஸாயிட்டேனாம்மா!" என்று மூச்சு வாங்கச் சொன்னாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "ஓடுடி, அப்புறம் யோசிக்கலாம்" என்றாள் அக்கா. அவளுக்கும் கண்ணீர் கண்ணை மறைத்தது.

பயிற்சிப் பள்ளி அலுவலகத்தில் மேசைக்காரம்மா பையை மாட்டிக்கொண்டு கிளம்பி நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார், பையை இறக்கி வைத்தார், தாளை வாங்கினார். முத்திரையைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், மகளின் பெயருக்கு நேரே ஒரு சரி போட்டார். அக்கா ஒரு வாரத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மேசைக்காரம்மா தேதியை இன்னொரு தடவை பார்த்து, செருப்பும் கையுமாக இருந்த இருவரையும் பார்த்து முகம் சுளித்தார்.

"நேத்தே ஆணை வந்திருக்கேம்மா. நேத்தே கொண்டு வர்றதை விட்டுட்டுக் கடைசி நிமிஷத்துல இப்படியா தலைதெறிக்க ஓடி வருவாங்க?"

"என்னங்க பண்றது?" என்றாள் அக்கா. "பந்து இப்பதாங்க கீழ விழுந்துச்சு."